நடக்கிறீர்கள் சரி, எப்போது தூக்கப்போகிறீர்கள்?

கோவை ரேஸ்கோர்ஸைக் காலையில் சுற்றிவரும் அன்பர்களுக்கு,



உங்களில் பலரை எனக்கு இரண்டு இடங்களில் தெரியும். காலை ஐந்தரைக்கு நடைபாதையில் கைவீசி நடக்கிறவர்களாகப் பார்ப்பேன். அதே ஆட்களைச் சில மாதம் கழித்து, ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு என் அறைக்கு வெளியே காத்திருக்கிறவர்களாகப் பார்ப்பேன். நான் பிசியோதெரபிஸ்ட். முழங்கால், இடுப்பு, தோள்பட்டை என்று வலியோடு வருகிறவர்களை எழுப்பி நிற்கவைத்து அனுப்புவது என் பிழைப்பு. உள்ளே வந்து உட்கார்ந்ததும் நீங்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள்: “தெனம் நாலு ரவுண்டு நடக்கறனுங்க மேடம். அப்பறம் ஏனுங்க இப்படி?”

நாலு ரவுண்டு என்றால் ஏறத்தாழ பத்து கிலோமீட்டர். சும்மா சொல்லக் கூடாது, பெரிய விஷயம்தான். வெளியே இன்னும் பன்னிரண்டு பேர் காத்திருக்கும்போது அந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இந்த மடல்.

நடையை விடச் சொல்லி எழுதவில்லை, பயப்படாதீர்கள். நடை இதயத்துக்கு நல்லது, மனசுக்கு நல்லது, ஊர் வம்புக்கு அதைவிட நல்லது. 2023-இல் தமிழக அரசே ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையைக் குறித்துக் கொடுத்தது. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட உடலுழைப்புப் பரிந்துரையை ஒருமுறை முழுசாகப் படித்துப் பாருங்கள். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு என்பது அதில் முதல் சங்கதி. அது ஊருக்கே மனப்பாடம். அதற்கு அடுத்ததாகவே, வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் உடம்பின் பெரிய தசைகள் எல்லாவற்றுக்கும் வலுவூட்டும் பயிற்சி என்று இருக்கிறது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரம் மூன்று நாளாவது சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சி வேண்டும் என்று இன்னொன்றும் இருக்கிறது. மூன்று மருந்து எழுதிய சீட்டில் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

இதில் தப்பு உங்களுடையது மட்டும் இல்லை. சீட்டின் ஓரத்தில் ‘வாக்கிங் 45 நிமிடம்’ என்று எழுதுவது எங்கள் தரப்புக்குச் சுலபம். எடை தூக்கக் கற்றுக்கொடுக்க நேரம் வேண்டும், ஆள் வேண்டும். இன்னொரு பக்கம் ஜிம்காரர்கள். ஜிம் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? சட்டையைக் கழற்றும் சினிமா ஹீரோ, சுவர் உயரத்துக்குக் கண்ணாடி, அதன் முன்னால் கையை மடக்கி செல்ஃபி எடுக்கும் கல்லூரிப் பையன், வாசலில் மூன்று மாத ‘டிரான்ஸ்ஃபர்மேஷன்’ போஸ்டர். வலுப்பயிற்சி என்பதையே அழகுச் சாதனமாக்கி விற்றுவிட்டார்கள். சிக்ஸ் பேக் வேண்டாதவர்களுக்கு அங்கே வேலை இல்லை என்று நாமும் ஒதுங்கிக்கொண்டோம். உண்மையில் அந்தக் கல்லூரிப் பையனைவிட எடை தூக்க வேண்டிய அவசியம் உங்களுக்குத்தான் அதிகம். அவனுக்கு இன்னும் முப்பது வருஷம் அவகாசம் இருக்கிறது.

நாளைக் காலை ஒன்று செய்து பாருங்கள். நடை முடிந்து உட்காருவீர்கள் அல்லவா, எழுந்திருக்கும்போது உங்கள் கை எங்கே போகிறது என்று கவனியுங்கள். தொடைமேல் ஊன்றுகிறதா, பக்கத்துக் கம்பியைத் தேடுகிறதா? உடம்பை முன்னும் பின்னும் ஒருமுறை ஆட்டி, அந்த வேகத்தில்தான் எழ முடிகிறதா? என் அறையில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். எக்ஸ்ரேயைப் பிறகுதான் வெளிச்சத்தில் பிடிப்பேன். கைப்பிடி இல்லாத நாற்காலியில், இரண்டு கையையும் மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை தடவை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவோம். 60 முதல் 64 வயதுக்குள் இருப்பவர்களில் ஆண்களுக்கு 14-க்கும் பெண்களுக்கு 12-க்கும் கீழே வந்தால், கீழே விழும் அபாயம் கூடுதல் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு சொல்கிறது. பத்து கிலோமீட்டர் அசராமல் நடக்கிறவர்கள் ஒன்பதாவது தடவையில் நாற்காலியைப் பிடித்துக்கொள்வதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அவர்களுக்கே அது ஆச்சரியமாக இருக்கும். “நாற்காலி தாழ்வா இருக்குதுங்க” என்பார்கள். எல்லோருக்கும் அதே நாற்காலிதான்.

காரணம் தசை நாரின் கட்டமைப்பில் இருக்கிறது. நம் தசைகளில் மெதுவாக, நீண்ட நேரம் உழைக்கும் நார்கள் உண்டு. சட்டென்று பலத்தைக் கொட்டும் வேக நார்களும் உண்டு. சமதளத்தில் நடப்பதற்கு முதல் வகையே போதும். வயதாக ஆக மெலிந்து தேய்வது பெரும்பாலும் இரண்டாவது வகை. கால் இடறும்போது அடுத்த காலைச் சடாரென்று முன்னால் வைத்து உடம்பைத் தாங்குவது, படியில் ஏறுவது, தரையிலிருந்து எழுவது எல்லாம் இந்த வேக நார்களின் வேலை. அவற்றைக் கனமான வேலை கொடுத்துத்தான் எழுப்ப முடியும். எத்தனை ரவுண்டு கூட்டினாலும் நடை அவற்றைத் தொடுவதில்லை. வெள்ளியங்கிரி போய்வந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறங்கும்போதுதான் தொடை நடுங்கும், மூங்கில் தடியை இரண்டு கையாலும் பிடிக்கவேண்டியிருக்கும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்புப் பாரத்தைத் தாங்க வேண்டும். ரேஸ்கோர்ஸில் வருஷம் முழுக்க நடந்தாலும் அந்தப் பயிற்சி அதற்குக் கிடைப்பதில்லை.

தரையில் உட்கார்ந்து எழுவதையே ஒரு பரிசோதனையாக வைத்து ஆராய்ந்தவர் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவைச் சேர்ந்த மருத்துவர் கிளாடியோ கில் அராவ்ஜோ. கை, முழங்கால் எதையும் ஊன்றாமல் உட்கார 5 மதிப்பெண், எழ 5. ஒவ்வொரு ஊன்றலுக்கும் ஒன்று குறையும். 51 முதல் 80 வயது வரையிலான 2,002 பேரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். 8-உம் அதற்கு மேலும் எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், 3-உம் அதற்குக் கீழும் எடுத்தவர்கள் அந்தக் காலத்துக்குள் இறந்துபோன வாய்ப்பு ஐந்து மடங்குக்கும் மேல். எழ முடியாததால் செத்தார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. எழ முடியாத உடம்பில் வேறு பலதும் தளர்ந்திருக்கும். ஆனாலும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட நாம் டைனிங் டேபிளுக்கும் வெஸ்டர்ன் டாய்லெட்டுக்கும் மாறிய பிறகு, ஒரு நாளில் எத்தனை தடவை தரையைத் தொடுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். கல்யாணப் பந்தியில்கூட இப்போது மேஜை நாற்காலிதான்.

இனி சர்க்கரைக்கு வருகிறேன். உங்களில் பாதிப் பேர் நடக்கத் தொடங்கியதே அதனால்தான்.

சாப்பிட்ட இட்லி குளுக்கோஸாகி ரத்தத்துக்குள் வந்த பிறகு அது போய்ச் சேர ஓர் இடம் வேண்டும். அந்த இடம் முக்கியமாகத் தசை. இன்சுலின் வேலை செய்யும்போது ரத்தத்திலிருந்து எடுக்கப்படும் சர்க்கரையில், ஆய்வுக்கூட அளவீடுகளின்படி ஏறத்தாழ 80 சதவீதம் தசைக்குள்தான் போகிறது. தசை செல்லுக்குள் குளூட்-4 என்ற புரதம் இருக்கிறது. இன்சுலின் வந்து சொன்னால் அது செல்லின் மேற்பரப்புக்கு வந்து சர்க்கரையை உள்ளே விடும். சர்க்கரை நோயில் இன்சுலின் சொல்வது செல்லின் காதில் சரியாக விழுவதில்லை. ஆனால் தசை பலமாகச் சுருங்கும்போது, இன்சுலின் தயவு இல்லாமலே அந்தப் புரதம் மேலே வருகிறது. இந்த வழி சர்க்கரை நோயாளிகளுக்கும் திறந்தே இருக்கிறது. நடக்கும்போதும் இது நடக்கிறது, மறுக்கவில்லை. கனம் தூக்கும்போது இன்னும் நிறைய தசை இந்த வேலையில் இறங்குகிறது. கூடவே, தசை வளர வளரச் சர்க்கரையைச் சேர்த்து வைக்கும் கொள்ளளவும் கூடுகிறது.

இதற்கு எனக்குப் பிடித்த சாட்சி, அமெரிக்காவின் பாஸ்டனில் நடந்து 2002-இல் வெளியான ஓர் ஆய்வு. லத்தீன் அமெரிக்க வம்சாவளியைச் சேர்ந்த 62 முதியவர்கள், எல்லோருக்கும் சர்க்கரை நோய். பாதிப் பேர் வழக்கமான சிகிச்சையோடு இருந்தார்கள். மீதிப் பேர் வாரம் மூன்று நாள் என 16 வாரம் எடைப்பயிற்சி செய்தார்கள். பயிற்சி செய்தவர்களின் மூன்று மாதச் சராசரி சர்க்கரை 8.7-லிருந்து 7.6-க்கு இறங்கியது. அவர்களில் 72 சதவீதம் பேருக்கு மாத்திரை அளவைக் குறைக்க முடிந்தது. பயிற்சி செய்யாத பிரிவில் அப்படிக் குறைந்தது 3 சதவீதம் பேருக்குத்தான். ஒரு முழுப் புள்ளிக்கு மேல் இறங்குவது என்பது சில மாத்திரைகள் செய்கிற வேலை. இதைச் சொன்னால், “அப்ப மாத்திரைய நிறுத்திரலாங்களா?” என்பீர்கள். நிறுத்தக் கூடாது. அது உங்கள் டாக்டரும் ரிப்போர்ட்டும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியது.

“நான் ஒல்லிதானே, எனக்கெதுக்கு?” என்று கேட்பவர்களுக்கும் ஒரு படம் காட்ட வேண்டும். புனேயின் மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டனின் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படம் அது. 2004-இல் லான்செட் இதழில் வந்தது. இருவரும் ஒல்லி. உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் அச்சு அசலாக 22.3. ஸ்கேனில் பார்த்தபோது யுட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்கின் உடம்பில் 21.2 சதவீதம். எடைக்கருவி இரண்டு பேருக்கும் ஒரே எண்ணைக் காட்டும். உள்ளே சரக்கு வேறு. நம் உடம்புவாகு யாக்னிக்கின் வகை. பார்க்க ஒல்லி, ஆனால் தசை குறைவு, கொழுப்பு அதிகம். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-இல் சொன்னதே, அதில் தொந்தி இல்லாத எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எந்த ஓ.பி. வரிசையில் பார்த்தாலும் தெரியும். இப்படிப்பட்டவர்கள் சோற்றைக் குறைத்து நடையைக் கூட்டினால் கொழுப்போடு இருக்கிற கொஞ்சத் தசையும் கரைகிறது. எடை குறைந்ததென்று சந்தோஷப்படுவார்கள். குறைந்தது எது என்று எடைக்கருவி சொல்லாது. இப்போது எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

“இந்த வயசுலயா?” என்பது அடுத்த கேள்வி. அறுபதைத் தொட்டவர்கள்கூட இதை அடக்கமாகச் சொல்வதில்லை, அதிகாரமாகவே சொல்கிறார்கள்.

1990-இல் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவர் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய் 10 பேரைத் தேர்ந்தெடுத்தார். சராசரி வயது 90. தளர்ந்த உடம்பு, ஆளுக்கு ஒன்றுக்கு மேல் நோய். அவர்களுக்கு அவர் கொடுத்தது கையை ஆட்டிக் காலை ஆட்டும் ‘சீனியர் எக்சர்சைஸ்’ இல்லை. ஒவ்வொருவரும் அதிகபட்சமாகத் தூக்கக்கூடிய எடையில் 80 சதவீதத்தைக் காலால் தூக்கவைத்தார், வாரம் மூன்று நாள், 8 வாரம். ஒருவர் பாதியில் விலகினார். மீதி ஒன்பது பேரின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. அதாவது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இரண்டு பேர் ஊன்றுகோலை வைத்துவிட்டு நடந்தார்கள். நான்கு வருஷம் கழித்து அதே மருத்துவர் 100 பேரை வைத்துப் பெரிதாக ஆராய்ந்தார்; சராசரி வயது 87. பலம் இரட்டிப்பானது. அந்த ஆய்வில் ஒரு பிரிவுக்குப் பயிற்சி இல்லாமல் சத்து பானம் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். பலம் கூடவில்லை. அப்பா அம்மாவுக்கு டப்பா டப்பாவாகச் சத்துமாவு வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்கும் பிள்ளைகள் இந்த வரியைத் திரும்ப ஒருமுறை படிக்கலாம்.

எதற்காக இவ்வளவு பாடு? ஐம்பதுக்கு மேல் வருஷத்துக்கு ஒன்றிரண்டு சதவீதம் என்று தசை போய்க்கொண்டே இருக்கும். அது மெல்லப் போவதால் தெரியாது. தெரிவது டெங்குவோ சிக்குன்குனியாவோ அறுவை சிகிச்சையோ வந்து படுக்கும்போது. ஆரோக்கியமான முதியவர்களையே 10 நாள் படுக்கையில் வைத்து அளந்து பார்த்தபோது, கால்களில் மட்டும் ஒரு கிலோ அளவுக்குத் தசை போயிருந்தது. இருப்பில் நிறைய வைத்திருப்பவர் ஒரு கிலோவை இழந்தாலும் எழுந்து பாத்ரூமுக்குப் போவார். ஏற்கெனவே விளிம்பில் இருப்பவர் காய்ச்சல் குணமான பிறகும் எழமாட்டார். “காய்ச்சலுக்கு அப்பறம் அம்மாவுக்கு நடை போயிருச்சுங்க” என்று பிள்ளைகள் அழைத்து வருவார்கள். அந்த நடை காய்ச்சலுக்குப் பத்து வருஷம் முன்பே போகத் தொடங்கியிருக்கும்.

பெண்களுக்குத் தனியாகச் சொல்ல ஒன்று இருக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பின் அடர்த்தி மளமளவென்று குறைகிறது. கால்சியம் மாத்திரை சாப்பிடுகிறீர்கள், சரி. எலும்பு தன்மேல் விழும் பாரத்தைப் பார்த்துத்தான் தன்னைக் கட்டிக்கொள்ளும். ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்ட்டில் பெலிண்டா பெக் குழுவினர், எலும்பு அடர்த்தி குறைந்த 58 வயதுக்கு மேற்பட்ட 101 பெண்களை ஆய்வில் சேர்த்தார்கள். அவர்களில் ஒரு பிரிவினர் வாரம் இரண்டு நாள், அரை அரை மணி நேரம், எட்டு மாதம் பார்பெல் தூக்கினார்கள். டெட்லிஃப்ட், ஸ்குவாட், தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பது, கம்பியிலிருந்து குதிப்பது. பயிற்சியாளர் பக்கத்திலேயே நின்றார். முதுகுத்தண்டின் அடர்த்தி அவர்களுக்கு 2.9 சதவீதம் கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்த மற்றப் பிரிவுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. இத்தனை கனத்தில் எத்தனை பேருக்கு எலும்பு முறிந்தது என்று கேட்பீர்கள். ஒருவருக்கும் இல்லை. ஒரே ஒருவருக்கு லேசான முதுகுப் பிடிப்பு.

“ஆம்பள மாதிரி கை கால் பெருத்துருமே” என்ற பயத்துக்கு ஒரே வார்த்தையில் பதில்: பெருக்காது. அப்படிப் பெருக்க வைக்கும் ஹார்மோன் உங்களிடம் மிகக் குறைவு. அந்தக் கல்லூரிப் பையன்களே அதற்காக மாதக்கணக்கில் படாதபாடு படுகிறார்கள். நெல்லை மாவட்டம் வடலிவிளையில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்கும் போட்டி நடக்கிறது. அதில் பெண்களும் தூக்குகிறார்கள். படம் கிடைத்தால் பாருங்கள்; நம் வீட்டுப் பெண்கள் மாதிரித்தான் இருக்கிறார்கள்.

மூளைக்கும் மனசுக்கும் இதில் பங்கு உண்டு என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன மரியா ஃபியாட்டரோன் பிறகு சிட்னிக்குக் குடிபெயர்ந்து, ஞாபக மறதி தொடங்கிய 100 பேரை வைத்து ஆறு மாதம் ஆராய்ந்தார். வாரம் இரண்டு மூன்று நாள் எடை தூக்கியவர்களின் சிந்தனைத் திறன் தேறியது. மனச்சோர்வைப் பற்றி 33 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், 2018-இல், எடைப்பயிற்சி அறிகுறிகளைக் குறைப்பது தெரிந்தது. பணி ஓய்வுக்குப் பிறகு சும்மாவே எரிந்து விழுகிறவர்கள் வீட்டில் இருந்தால் இந்தப் பத்தியை அவர்களிடம் காட்டலாம்.

மூட்டு தேய்ந்தவர்கள்தான் இதில் அதிகம் தயங்குகிறார்கள். அவர்களுக்குத்தான் இது முதல் மருந்தும். முழங்காலைத் தாங்குவது தொடையின் முன்தசை. அது தளர்ந்தால் பாரம் முழுக்க மூட்டின்மேல் இறங்கும். மூட்டுத் தேய்மானத்துக்கு உலகம் முழுக்க எழுதப்படும் வழிகாட்டிகளில் தசை வலுப்படுத்தும் பயிற்சிக்குத்தான் முன்வரிசை. பிரஷர் இருக்கிறதே என்பவர்களுக்கு: எடை தூக்கும்போது மூச்சைப் பிடித்தால் அழுத்தம் எகிறும். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள், இறக்கும்போது உள்ளே இழுங்கள், அவ்வளவுதான். நாளடைவில் இந்தப் பயிற்சி அழுத்தத்தைக் குறைக்கவே செய்கிறது. 2023-இல் 270 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி இல்லாத நாற்காலியில் உட்கார்வது போன்ற அசையாப் பயிற்சிகள் நடையைவிட நன்றாகவே அழுத்தத்தைக் குறைத்ததாகக் கண்டார்கள்.

“வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானுங்களே” என்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. ஆட்டுக்கல்லும் உரலும் கிணற்று ராட்டினமும் இருந்த வீட்டில் அது உண்மை. ஆனால் நம் ஊர்தானே வெட் கிரைண்டரைச் செய்து உலகத்துக்கே அனுப்பியது? இன்றைக்கு வீட்டு வேலை அலுப்பைத் தருகிறது, பலத்தைத் தருவதில்லை. தினமும் ஒரே பாரத்தைச் சுமந்தால் தசை அந்தப் பாரத்தோடு நின்றுவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தைக் கூட்டினால்தான் அது வளரும். வலுப்பயிற்சியின் சூட்சுமம் முழுக்க இவ்வளவுதான்.

எங்கே தொடங்குவது? பணம் கட்டி ஜிம்முக்குப் போக வேண்டும் என்பதில்லை. போனால் நல்லது, கற்றுத்தர ஆள் இருக்கும். வீட்டிலேயே என்றால், நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவதில் ஆரம்பியுங்கள். பத்து தடவை, இரண்டு நிமிட ஓய்வு, மறுபடி பத்து. அது சுலபமானதும் ஐந்து கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுங்கள். சுவரில் கை வைத்துத் தண்டால். பழகியதும் சமையல் மேடையில், பிறகு தரையில். தரையில் இருக்கும் பையை முதுகை வளைக்காமல், இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக் குனிந்து எடுத்து நிமிர்வது. ஜன்னல் கம்பியில் ரெசிஸ்டன்ஸ் பேண்டைக் கட்டித் தன் பக்கம் இழுப்பது. படியின் விளிம்பில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குவது. இரண்டு கையிலும் கனமான பையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடியில் நடப்பது. பிள்ளையார் முன்னால் மூன்று தோப்புக்கரணத்தோடு நகர்ந்துவிடுகிறீர்களே, அதைப் பன்னிரண்டாக்கி, பாதியில் நிறுத்தாமல் முடிந்த அளவு கீழே போங்கள். அவர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

எந்தப் பயிற்சியானாலும் எட்டிலிருந்து பன்னிரண்டு தடவைக்குள் கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருக்க வேண்டும். முப்பது தடவை பேசிக்கொண்டே செய்ய முடிகிறது என்றால் கனம் போதவில்லை. மறுநாள் தசை வலிக்கும். இரண்டு நாளில் போய்விடும், அதற்கு மாத்திரை வேண்டாம். மூட்டுக்குள் சுருக்கென்று குத்தினால் மட்டும் அந்தப் பயிற்சியை நிறுத்துங்கள். வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு தடவையும் அரை மணி. எடைப்பயிற்சி செய்கிறவர்களின் ஆயுளைத் தொகுத்து ஆராய்ந்த 2022-இன் கணக்கிலும், வாரத்துக்கு 30 முதல் 60 நிமிடத்துக்குள்தான் பலன் உச்சத்தில் இருந்தது. மணிக்கணக்கில் செய்யத் தேவையே இல்லை.

சாப்பாட்டைப் பற்றி ஒரு பத்தி போதும். தசை கட்டப் புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்குச் சுமார் 50 கிராம் என்பது நம் நாட்டு அளவு. முதியவர்களுக்குச் சற்றுக் கூடவே சொல்கிறார்கள். இட்லி சாம்பாரில் பத்து கிராம் தேறினால் அதிகம். ஒரு முட்டையில் ஆறு கிராம். கொங்கு நாட்டில் பிறந்துவிட்டுக் கொள்ளுப் பருப்பைச் சளி பிடித்தால் மட்டும் தேடுவது நியாயமில்லை. அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம். பவுடர் டப்பாவை வாங்க வேண்டாம் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமே 2024 வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டுமுன் டாக்டரைக் கேளுங்கள்.

டாக்டரைக் கேட்காமல் எடையையே தொடக் கூடாதவர்களும் உண்டு. நடக்கும்போது நெஞ்சு வலிப்பவர்கள், அண்மையில் இதய அறுவை சிகிச்சை ஆனவர்கள், மாத்திரை சாப்பிட்டும் பிரஷர் கட்டுப்படாதவர்கள், சர்க்கரையால் கண்ணில் ரத்தக்கசிவு உள்ளவர்கள், குடலிறக்கம் இருந்து சிகிச்சை எடுக்காதவர்கள். இன்சுலின் போடுகிறவர்கள் பயிற்சிக்கு முன்னும் பின்னும் சர்க்கரையைப் பாருங்கள், தாழ்சர்க்கரை வரலாம். பையில் மிட்டாய் இருக்கட்டும்.

கடைசியாக, வாக்கர்ஸ் கிளப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டு விழாவுக்கு எல்லோருக்கும் டி-ஷர்ட் அடிக்கிறீர்கள். போன வருஷத்து டி-ஷர்ட்டே பல வீடுகளில் இன்னும் பிரிக்காமல் இருக்கிறது. இந்த வருஷம் அந்தப் பணத்தில் இருபது ரெசிஸ்டன்ஸ் பேண்டும், நாலைந்து கெட்டில்பெல்லும், கைப்பிடி இல்லாத பத்து நாற்காலியும் வாங்குங்கள். செவ்வாயும் வெள்ளியும் கடைசி ரவுண்டை விட்டுவிட்டு அரை மணி ஒதுக்குங்கள். சொல்லித்தர நான் வருகிறேன். பணம் வேண்டாம், மேடை வேண்டாம், சால்வை வேண்டவே வேண்டாம். ஆறேகால் மணிக்குத் தொடங்கினால் ஏழு மணிக்கு டூட்டிக்குப் போய்விடுவேன்.

அன்புடன்,
உங்களோடு ரவுண்டு வரும் ஒரு பிசியோதெரபிஸ்ட்